யார் கடன்பட்டவர்?

கதை எழுதுகிறவனிடம் யாராவது வந்து, "ஒரு விண்ணப்பம் எழுதித் தர முடியுமா?" என்று கேட்டால், அவனுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் உண்டாகிறது. இல்லாத மனிதர்களின் இல்லாத துன்பங்களை எழுதியே பழகிப்போன கைக்கு, இருக்கிற ஒரு மனிதருக்கு உபயோகமான காரியம் ஒன்று வாய்த்ததே என்ற சந்தோஷம் அது. அதில் கொஞ்சம் கர்வமும் கலந்திருக்கும் என்பதைச் சித்தையன்கோட்டையில்தான் தெரிந்துகொண்டேன்.

2025-ஆம் ஆண்டு டிசம்பரில், கொடிநாள் கழிந்த வாரத்தில், அந்த ஊருக்குப் போயிருந்தேன். திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகிற சாலையில் செம்பட்டியில் இறங்கி, வேறு பஸ் பிடித்தால் சிறிது நேரத்தில் வந்துவிடுகிற ஊர். மேற்கே மலைத்தொடர், வயலும் தென்னந்தோப்பும் மாறி மாறி வரும் வழி. அங்கே என் நண்பர் ஒருவர் இருக்கிறார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் யாருக்கு எந்தப் பாரம் நிரப்ப வேண்டுமானாலும் அவர் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவார்கள்.

அன்று வந்தவர் எண்பத்தொரு வயதுப் பெரியவர். ஊரில் அவரைப் 'பட்டாளத்தார்' என்பார்கள். 1962-ல் சீனப் படையெடுப்பு நடந்து, நாடு முழுவதும் ஆள் சேர்த்தார்களே, அந்த அலையில் 1963-ல் சேர்ந்தவர். பெங்களூரிலுள்ள மதராஸ் எஞ்ஜினீயர் குரூப்பில் சாப்பராக இருந்திருக்கிறார். பட்டாளம் முன்னேறப் பாலம் கட்டுவதும், எதிரி முன்னேறாமல் இருக்கப் பாலத்தைத் தகர்ப்பதும், புதைத்து வைத்த கண்ணியை மண்ணிலிருந்து தோண்டி எடுப்பதும் அவர்கள் வேலை. 1965 யுத்தத்தின்போது பஞ்சாபில் இருந்தார். ஏழு வருஷம் முடிந்ததும், தகப்பனார் காலமாகிவிட்டதால், தானே கேட்டுக்கொண்டு விலகி 1970-ல் ஊர் திரும்பினார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நம் ஊர்களில் சாதாரணமாக நடக்கிற கதை. தங்கைமார் இருவர் கலியாணத்துக்கு வீடு போயிற்று. கொத்தனாராகச் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ வீடுகள் கட்டினார். அறுபத்தைந்து வயதில் சாரத்திலிருந்து விழுந்து கால் போயிற்று. பிறகு மனைவியும் போய்ச் சேர்ந்தாள். வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் ஒருத்தி இருக்கிறாள், கூப்பிடத்தான் கூப்பிடுகிறாள். "சம்பந்தி வீட்டுத் திண்ணைக்கு நான் எதுக்குங்க?" என்று இவர் போகவில்லை. இப்போது ஒரு ராவுத்தருடைய தேங்காய்க் கிடங்கில் படுத்துக்கொள்கிறார்.

அவருக்காகத்தான் விண்ணப்பம். பாதுகாப்பு அமைச்சரின் முன்னாள் படைவீரர் நல நிதியிலிருந்து ஒரு மானியம் கொடுக்கிறார்கள். பென்ஷன் இல்லாத, அறுபத்தைந்து வயது கடந்த, வருமானமற்ற முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்கள் விதவைகளுக்கும் மாதா மாதம் கிடைப்பது அது. 4,000 ரூபாயாக இருந்ததை 2025 நவம்பர் முதல் தேதியிலிருந்து வரும் விண்ணப்பங்களுக்கு 8,000 ரூபாயாக உயர்த்தியிருந்தார்கள். பத்திரிகையில் அதைப் படித்த வாத்தியார்தான் பெரியவரை வற்புறுத்தி வரவழைத்திருந்தார். "பதினாறு வருஷமா இவருக்கு வர வேண்டியது இது. கேட்கவே மாட்டேன் என்கிறார்" என்று என்னிடம் முறையிட்டார்.

"ஏன் கேட்கவில்லை?" என்றேன் பெரியவரிடம்.

"ஏழைன்னு எழுதிக் குடுக்கணுமாமே?" என்றார் அவர்.

பாரத்தோடு நிலைமையை விளக்கி ஒரு கடிதமும் வைத்தால் நல்லது என்று வாத்தியார் அபிப்பிராயப்பட்டார். எழுத்தாளன் ஒருவன் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது வேறு யாரிடம் கேட்பார்? நான் பேனாவை எடுத்தேன். இரண்டு பக்கம் எழுதினேன். கிடங்கின் ஓட்டுச் சந்து வழியாக மழை ஒழுகுவதை எழுதினேன். மட்டைக் குவியலுக்கு நடுவே, நாட்டுக்காகக் கண்ணி தோண்டிய விரல்கள் குளிரில் நடுங்குவதை எழுதினேன். ஒரு வேளைக் கஞ்சியை எழுதினேன். மனைவியின் நினைவைக்கூட விட்டுவைக்கவில்லை. முடித்துவிட்டு உரக்கப் படித்தேன். வாத்தியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பெரியவர் கடைசி வரையில் அமைதியாகக் கேட்டார். பிறகு, "நல்லா இருக்குங்க. பாவம், யாருங்க அவரு?" என்றார்.

கேலியாகச் சொன்னாரா, மெய்யாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பல வருஷங்களாக எத்தனையோ விமர்சகர்கள் என் கதைகளைப் பற்றி எத்தனையோ எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு சுருக்கமாக ஒருவரும் எழுதியதில்லை.

அந்தக் கடிதத்தில் பொய் என்று ஒரு வரியும் கிடையாது. மழை ஒழுகத்தான் ஒழுகுகிறது. கஞ்சியும் கஞ்சிதான். ஆனால் அவரிடமிருந்த மற்ற எல்லாவற்றையும் நீக்கிவிட்டு இல்லாமையை மட்டும் வரிசைப்படுத்தியிருந்தேன். படிக்கிற அதிகாரியின் மனம் இளக வேண்டும் என்பதற்காக மனிதரையே சிறியவராக்கியிருந்தேன். இப்படிச் செய்ய எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கொடுக்கிறவன் முன்னால் கேட்கிறவன் குனிந்து நிற்பதே அழகு என்று நாம் எல்லாருமே நினைக்கிறோம். கதை எழுதுகிற நானும் அதை நினைத்தே எழுதுகிறேன். வாசிக்கிற நீங்களும், கோபித்துக்கொள்ள வேண்டாம், அதை நினைத்தே கண்ணீர் விடுகிறீர்கள்.

பெரியவர் தாமே வாசகம் சொன்னார். எந்த வருஷம் சேர்ந்தேன், எந்த வருஷம் விலகினேன், டிஸ்சார்ஜ் புத்தகத்தில் என் நடத்தையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது, இப்போது வயது என்ன, பென்ஷன் கிடையாது. ஐந்து வரி. பட்டாள நம்பரை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் ஒப்பித்தார். "இவ்வளவுதாங்க. மிச்சம் அவங்களுக்கே தெரிஞ்சிருக்கும்" என்றார்.

"இது போதாதே! நீங்கள் கஷ்டப்படுகிறீர்கள் என்பது எங்கே?" என்று வாத்தியார் பதறினார்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு கேள்வி பிறந்தது. ஊருக்குத் திரும்பிய பிறகும் அது என்னை விடவில்லை. ஒருவனுக்கு நாம் பட்ட கடனைத் திருப்பிக் கொடுக்கும்போது, 'நீ ஏழையா?' என்று கேட்க நமக்கு உரிமை உண்டா?

மளிகைக் கடைக்காரனுக்குப் பாக்கி வைத்திருக்கிறோம். மாதம் பிறந்ததும் கொடுக்கப் போகிறோம். "இந்த மாதம் உன் வீட்டில் அரிசி இருக்கிறதா, இல்லையா? இல்லையென்று சான்றிதழ் கொண்டு வா, பாக்கியைத் தருகிறேன்" என்று சொல்லுவோமா? சொன்னால் அவன் சும்மா இருப்பானா? ஆனால் பிச்சை போடும்போது கேட்கலாம். 'கால் நன்றாகத்தானே இருக்கிறது, உழைத்துப் பிழைக்கக் கூடாதா?' என்று கேட்காமல் நம்மில் யார் காசு போடுகிறோம்? ஆகவே கேள்வியிலிருந்தே கொடுப்பது என்ன வகை என்று கண்டுகொள்ளலாம். ஏழையா என்று கேட்டால் அது தருமம். வேலை செய்தாயா என்று கேட்டால் அது கடன்.

இன்று நம் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். சாதாரணச் சிப்பாய்க்குப் பென்ஷன் வேண்டுமானால் 15 வருஷம் சேவை செய்திருக்க வேண்டும். 15 வருஷம் முடித்து வந்தவரை, 'உனக்குத் தோட்டம் உண்டா, மாடி வீடு உண்டா?' என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. கோடீசுவரரானாலும் மாதம் பிறந்தால் பென்ஷன் வந்து சேரும். 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' என்ற திட்டத்தையும் 2015-ல் கொண்டுவந்து, 2014 ஜூலையிலிருந்து கணக்கிட்டுக் கொடுத்தார்கள். மிக நல்ல காரியம். ஆனால் ஏழு வருஷம் சேவை செய்தவர், பதினான்கு வருஷம் சேவை செய்தவர் ஆகியோர் வயதான காலத்தில் வந்து நின்றால், முதல் கேள்வியே வறுமையைப் பற்றியது. இருவரும் ஒரே கண்ணி வயலில் தவழ்ந்தவர்களாக இருக்கலாம். ஒருவருக்குக் கொடுப்பது கடன். மற்றவருக்குக் கொடுப்பது தருமம். நடுவில் கோடு போட்டது வெறும் நாள்காட்டி!

அந்தத் தருமம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். 1949-லிருந்து ஒவ்வொரு டிசம்பர் 7-ஆம் தேதியும் கொடிநாள் கொண்டாடுகிறோம். சின்னஞ்சிறு காகிதக் கொடி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் காசு வசூலிப்பார்கள், நானும் கொடுத்திருக்கிறேன். அந்தக் கொடியைச் சட்டையில் குத்திக்கொள்வதில் இருந்த பெருமை, காசு எதற்கு என்று அறிந்துகொள்வதில் இருந்ததில்லை. அந்தக் கொடிநாள் நிதியின் ஒரு பகுதிதான் இந்த மானியத்துக்கு மூலதனம். 2025-ல் மானியங்களை இரட்டிப்பாக்கியதற்கு ஆண்டுக்குச் சுமார் 257 கோடி ரூபாய் ஆகும் என்று கணக்கிட்டு, அதையும் கொடிநாள் நிதியிலிருந்தே எடுப்பதாகச் சொன்னார்கள். அதாவது, துப்பாக்கிக்கும் விமானத்துக்கும் வரிப் பணம். துப்பாக்கி பிடித்த கை தளர்ந்த பிறகு அதற்கு உண்டியல் பணம். மனமுவந்து கொடுத்த காசு உயர்ந்ததுதான். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் கடனை அடைக்க உண்டியல் குலுக்குகிற வழக்கம் வேறெங்கே உண்டு?

இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்னால், கி.பி. 6-ஆம் ஆண்டில், ரோமாபுரிச் சக்கரவர்த்தி அகஸ்டஸ் இதே பிரச்னைக்கு ஒரு வழி செய்தார். படையிலிருந்து ஓய்வு பெறுகிறவர்களுக்கென்றே தனியாக ஒரு கருவூலம் ஏற்படுத்தினார். முதலில் தம் சொந்தப் பணத்தைப் போட்டார். பிறகு அது வற்றாமல் இருக்க, பரம்பரைச் சொத்துக்கு நூற்றுக்கு ஐந்தும், ஏல விற்பனைக்கு நூற்றுக்கு ஒன்றும் வரி விதித்தார். பணக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அகஸ்டஸ் தருமவான் என்று நான் சொல்ல வரவில்லை. நிலமும் கூலியும் இல்லாமல் திரிகிற பழைய சிப்பாய்கள் ராஜ்யத்தையே கவிழ்த்துவிடக் கூடியவர்கள் என்று கண்ணாரக் கண்டவர் அவர். பயத்தினால் செய்தாரோ, நியாயத்தினால் செய்தாரோ, எந்தச் சிப்பாயும் ஏழை என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

நம் காலத்துக்கு அருகிலேயே இன்னோர் உதாரணம் இருக்கிறது. முதல் உலகப் போரில் சண்டையிட்ட அமெரிக்கச் சிப்பாய்களுக்கு 1924-ல் ஒரு சட்டப்படி போனஸ் பத்திரம் கொடுத்தார்கள். பணம் 1945-ல்தான் கைக்கு வரும். நடுவில் பெரும் பஞ்சம் வந்தது. வேலையும் வீடும் இழந்த சிப்பாய்கள் 1932-ல் பெண்டு பிள்ளைகளோடு வாஷிங்டனுக்கு ஆயிரக்கணக்கில் வந்து, குடிசை போட்டுக்கொண்டு, 'பணத்தை இப்போதே கொடுங்கள்' என்றார்கள். ஜூலை 28-ஆம் தேதி அவர்களைக் கண்ணீர்ப் புகையும் டாங்கியுமாக விரட்டியது, அவர்கள் சேவை செய்த அதே பட்டாளம்தான். குடிசைகள் எரிந்தன. பன்னிரண்டே வருஷம் கழித்து, 1944-ல், அதே தேசம் வேறொரு சட்டம் போட்டது. கௌரவமாக விலகியவர் 90 நாள் சேவை செய்திருந்தாலே போதும். படிக்கலாம், வீடு வாங்கக் கடன் பெறலாம். பணக்காரர் மகனா, பரதேசியா என்று கேட்கவில்லை. 1956 வரையில் சுமார் 78 லட்சம் பேர் அதன் பலனால் படிப்போ பயிற்சியோ பெற்றார்கள். கறுப்பு இனத்துச் சிப்பாய்களில் மிகப் பலருக்கு அந்த உரிமை காகிதத்தில் கிடைத்த அளவு கையில் கிடைக்கவில்லை என்ற களங்கமும் அதற்கு உண்டு. ஆனாலும் கேட்ட கேள்வி சரியான கேள்வி: 'சேவை செய்தாயா?'

அந்த நாட்டிலும் பிற்காலத்து யுத்தங்களிலிருந்து திரும்பியவர்கள் தெருவில் படுக்கத்தான் செய்தார்கள். 2010-ல் எண்ணிப் பார்த்தபோது வீடற்ற முன்னாள் படைவீரர்கள் 74,000-க்கு மேல் இருந்தார்கள். 2024-ல் 33,000-க்குச் சற்றுக் குறைவு. வேலை தேடிக் கொடுக்கும் சங்கங்களுக்கு 1987 முதலே மானியம் உண்டு. ஆனால் எண்ணிக்கை இப்படி இறங்கியதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, வரிசையை மாற்றிப் போட்டது. 'வேலை தேடிக்கொள், குடியை நிறுத்து, பிறகு வீடு' என்பது பழைய வரிசை. முதலில் வாடகைக்குச் சீட்டுக் கொடுத்துக் கதவும் பூட்டும் உள்ள ஓர் இடத்தில் வைப்போம், மற்றதை அங்கிருந்து பார்த்துக்கொள்ளட்டும் என்பது புதிய வரிசை. விலாசம் இல்லாதவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

நம் நாட்டிலும் உதவிகள் இல்லாமலில்லை. மத்திய சர்க்கார் வேலைகளில் 'சி' பிரிவில் நூற்றுக்குப் பத்து இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 1986-ல் ஏற்பட்ட 'டெக்ஸ்கோ' கழகம் எத்தனையோ பேருக்குக் காவல் வேலை தேடிக் கொடுத்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில், தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரை கடனும், அதில் நூற்றுக்கு முப்பது மூலதன மானியமும் உண்டு. வயதும் தெம்பும் உள்ளவர்களுக்கு நல்ல வழிகள். எண்பத்தொரு வயதில், காலும் போனவர் என்ன தொழில் தொடங்குவார்? வீடு கட்டவும் சர்க்கார் பணம் கொடுக்கிறது. ஆனால் பெரும்பாலும் சொந்த மனையும் பட்டாவும் இருப்பவனுக்கே கொடுக்கிறது. ஆயுள் முழுவதும் பிறர் மனையில் சுவர் எழுப்பியவர் பட்டாவுக்கு எங்கே போவார்?

"எல்லாம் சரி, ஊரில் எல்லாரும்தானே உழைக்கிறார்கள்? தோட்டி உழைக்கவில்லையா? நாற்று நட்டவள் உழைக்கவில்லையா? பட்டாளத்துக்காரனுக்கு மட்டும் என்ன தனிக் கடன்?" என்று வாத்தியார் கேட்டார். நியாயமான கேள்வி. சாக்கடைக் குழியில் இறங்கி மூச்சடைத்துச் சாகிறவனுக்கும் நாம் கடன்பட்டவர்களே. ஒரு கடனைக் காட்டி இன்னொரு கடனை மறுக்கிறவன் யோக்கியன் அல்ல. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. மற்ற பெரும்பாலான வேலைகளில், உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் விட்டு ஓடலாம். வயிறு அவனை நிறுத்துமே தவிரச் சட்டம் நிறுத்தாது. பட்டாளத்தில் ஓடினால் குற்றம். 'மாட்டேன்' என்று சொல்லும் உரிமையை நம்மிடம் அடகு வைத்துவிட்டுப் போகிறவன் சிப்பாய். அவன் ஏழு வருஷம் வைத்தாலும் பதினைந்து வருஷம் வைத்தாலும், வைத்த பொருள் ஒன்றுதான்.

நம் தமிழில் 'செஞ்சோற்றுக்கடன்' என்று ஓர் அழகிய சொல் இருக்கிறது. கர்ணனை நினைத்தால் அந்தச் சொல்லும் கூடவே வருகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தச் சொல்லில் சோறு தின்றவன் கடன் மட்டுமே இருக்கிறது. சோறு போட்டு யுத்தத்துக்கு அனுப்பியவன் கடனுக்குச் சொல் இல்லை. நடைமுறையில் இல்லாமல் போகவில்லை. போரில் மாண்டவன் குடும்பத்துக்கு விட்ட நிலத்தை 'உதிரப்பட்டி' என்று கல்வெட்டுகள் சொல்கின்றன. இறந்தவனுக்குக் கல் நட்டதோடு நிற்காமல், இருப்பவர்களுக்கு நிலமும் கொடுத்தார்கள். 'மானியம்' என்ற சொல்லையே பாருங்கள். 'மான்ய' என்ற வடசொல்லுக்கு மதிக்கத் தக்க என்று பொருள். ஊரைக் காத்தவனுக்கு வரி நீக்கி விட்ட நிலம் காவல் மானியம். மதிப்பைக் காட்டத்தான் நிலம். வயிற்றைப் பார்த்து இரங்கி விட்ட நிலம் அல்ல. அப்படிப்பட்ட சொல்லை எடுத்து, வறுமையை ஒப்புக்கொண்டால் கிடைக்கும் பணத்துக்குப் பெயராக வைத்துவிட்டோம்.

வேறொன்றும் பெரியவர் சொன்னார். மதராஸ் சாப்பர்கள் எல்லாருக்கும் பட்டாளத்தில் 'தம்பி' என்று பொதுப் பெயராம். வடக்கத்தி அதிகாரிகள்கூட, 'தம்பிகளை அனுப்பு' என்றுதான் சொல்வார்களாம். சர்க்கார் ஒரு காலத்தில் இவரைத் தம்பி என்று கூப்பிட்டிருக்கிறது. இப்போது 'மனுதாரர்' என்கிறது.

சாயங்காலம் அவரோடு கிடங்குக்குப் போனேன். ராவுத்தர் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். எழுபது வயது இருக்கும். பெரியவர் தண்ணீர் கொண்டு வர உள்ளே போன சமயம் பார்த்து, "நீங்கள் இவருக்குத் தங்க இடம் கொடுத்திருப்பது பெரிய விஷயம்" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்படிச் சொல்லாதீங்க, அவர் காதில் விழும். அண்ணன் என் கிடங்குக்குக் காவல் இருக்காரு. அவர் இருக்கிறதாலேதான் நான் வீட்டிலே நிம்மதியாத் தூங்கறேன்" என்றார்.

கிடங்கின் கதவில் நல்ல பூட்டு தொங்கியது. தேங்காய் திருட வருகிறவனை, ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாத இவர் என்ன செய்துவிடுவார்? இரண்டு பேருக்கும் அது தெரியும். ஆனால் ஒருவர் கொடுப்பதை மறைத்துக்கொண்டு கொடுக்கிறார். மற்றவர் தலை நிமிர்ந்து வாங்குகிறார். காவல் மானியம் என்பதன் பழைய பொருளை நான் அந்தக் கிடங்கில் கண்டேன்.

'அப்படியானால் சர்க்கார் எதற்கு? ஊருக்கு ஒரு ராவுத்தர் போதுமே' என்று தோன்றலாம். எனக்கும் ஒரு கணம் தோன்றியது. ஆனால் ராவுத்தருக்கு வயது எழுபது. அவர் பிள்ளைகள் கிடங்கை நாளைக்கே விற்கலாம்; விற்பது அவர்கள் உரிமை. மனிதனுடைய அன்பு மனிதனோடு போய்விடக் கூடியது. சட்டம் அப்படிப் போகாது; முன்பின் தெரியாதவனுக்கும், அக்கம்பக்கத்தில் நல்லவர்கள் வாய்க்காதவனுக்கும் அது உண்டு. ஆகையால் ஒன்றை விட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நான் சட்டத்தையே தேர்ந்தெடுப்பேன். ஆனால் ராவுத்தரிடமிருந்து சட்டம் ஒரே ஒரு பாடம் கற்றுக்கொள்ளலாகாதா? கிடங்கில் கேட்காத கேள்வியைப் பாரத்திலும் கேட்காமல் இருக்கலாகாதா? டிஸ்சார்ஜ் புத்தகமும் வயதுச் சான்றும் போதும். வறுமைச் சான்று வேண்டாம். பணம் கொடிநாள் உண்டியலிலிருந்து வேண்டாம். பென்ஷன் வருகிற அதே கஜானாவிலிருந்து வரட்டும். ஏழு வருஷத்துக்கு ஏழு வருஷ அளவு, பதினான்குக்குப் பதினான்கு அளவு.

'பொய் சொல்லி வாங்குவார்கள்' என்பார்கள். வறுமையைப் பொய்யாகக் காட்டலாம். அதற்கு என்னைப் போன்ற எழுத்தாளன் ஒருவன் துணை இருந்தால் போதும். பட்டாளத்தில் இருந்ததைப் பொய்யாகக் காட்டுவது அவ்வளவு சுலபமல்ல. பதிவேடு சர்க்காரிடமே இருக்கிறது.

இது ஏதோ ஒரு கிழவர் விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2022-ல் அறிவித்த அக்னிபத் திட்டப்படி, பட்டாளத்தில் சேருகிற பிள்ளைகளுக்குச் சேவை நாலே வருஷம். நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரையில் நிறுத்திக்கொண்டு, மற்றவர்களைச் சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு அனுப்பிவிடுவார்கள். பென்ஷன் கிடையாது. 2022-ன் கடைசியிலும் 2023-ன் தொடக்கத்திலும் பயிற்சிக்குப் போன முதல் அணிக்கு, 2026-ன் இறுதியிலிருந்து நாலு வருஷம் நிறைகிறது. இருபதுகளில் இருக்கும் பிள்ளைகள். சிலர் அந்தப் பணத்தை நன்றாக உபயோகிப்பார்கள். சிலருடையது தங்கை கலியாணத்துக்குப் போகும். அவர்களில் சிலர் நாற்பது வருஷம் கழித்து ஏதாவது ஒரு திண்ணைக்கு வந்து, 'ஏழைன்னு எழுதிக் குடுக்கணுமா?' என்று கேட்பார்கள். அதற்குள் நாம் கேள்வியை மாற்றியிருக்க வேண்டும்.

நான் புறப்படும்போது கிடங்கில் ஒரு சச்சரவு. மானியம் வந்தால் மாதம் ஆயிரம் ரூபாய் வாடகை கொடுத்துவிடப் போவதாகப் பெரியவர் அறிவித்துவிட்டார். ராவுத்தருக்கு வந்ததே கோபம்!

"வாடகை வாங்கினா, இத்தனை வருஷமாக் காவல் இருந்ததுக்குச் சம்பளப் பாக்கி நான் குடுக்கணும் அண்ணே. என்கிட்ட அவ்வளவு பணம் இல்லை."

"சம்பளம் நான் எப்பக் கேட்டேன் தம்பி? இடத்துக்குக் காசு குடுக்கறது என் முறை."

"முறையாவது! உங்களுக்கு நான்தான் குடுக்கணும்."

இருவரும் என்னை மத்தியஸ்தத்துக்குக் கூப்பிட்டார்கள். தாம்தான் கடன்பட்டவர் என்று இரண்டு பேரும் சாதிக்கிற வழக்கில் எப்படித் தீர்ப்புச் சொல்வது? செம்பட்டி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். ஐந்து வரி விண்ணப்பம் மறுநாள் காலையில் வாத்தியாரோடு திண்டுக்கல்லுக்குப் போயிற்று. நான் எழுதிய இரண்டு பக்கம் என் பையில்தான் இருக்கிறது.